துபாஷி வெறும் மொழிபெயர்ப்பாளரா?

கூவம் ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் இடத்தில் 1734-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களுக்காக ஒரு குடியிருப்பை ஏற்படுத்தியது. அப்போது சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் ஜார்ஜ் மார்ட்டன் பிட். சின்னத் தறிப் பேட்டை என்று வழங்கிய பெயரே பிறகு சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்த இடம் முன்பு சுங்குராம செட்டியின் தோட்டம். அவர் நெடுங்காலம் கம்பெனியின் தலைமை வணிகராக இருந்து, பேட்டை உருவாவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பதவி இழந்தவர். பேட்டையை எழுப்பி ஆட்களைக் குடியேற்றும் பொறுப்பை ஏற்றவர்களில் ஆதியப்ப நாராயண செட்டியும் சின்னத்தம்பி முதலியும் முக்கியமானவர்கள். இந்த வரலாற்றைச் சொல்லும் இன்றைய கட்டுரைகளில் சுங்குராமரையும் துபாஷி என்கிறார்கள், ஆதியப்பரையும் துபாஷி என்கிறார்கள். கையோடு, துபாஷி என்றால் மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு விளக்கமும் சேர்ந்துவிடுகிறது. ஒரே வரலாற்றில் எதிரெதிர் இடங்களில் நின்ற இரண்டு பேருக்கு ஒரே பட்டம், அந்தப் பட்டத்துக்கும் பொருந்தாத ஒரு பொருள். இப்படி எழுதினால் சிந்தாதிரிப்பேட்டை எப்படி உருவானது என்பதே வாசகருக்குப் புரியாமல் போகும்.

ஆங்கிலத்தில் துபாஷ் என்பது இன்று அரிதான சொல். பழைய சென்னையைப் பற்றிய நூல்களைத் தவிர வேறெங்கும் அது கண்ணில் படுவதில்லை. அகராதியைப் புரட்டினால் இரண்டு மொழி பேசுகிறவர் என்ற வேர்ப்பொருளில்தான் விளக்கம் தொடங்கும். த்வி என்றால் இரண்டு, பாஷா என்றால் மொழி. தமிழில் துபாசி, துபாஷி என்று எழுதினார்கள். வேர்ப்பொருளில் தவறு ஏதும் இல்லை. ஆனால் யூலும் பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைப் பார்த்தால், அவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பது தெரியும். பர்னெல் சென்னை மாகாணத்தில் சிவில் அதிகாரியாக இருந்தவர், தென்னிந்திய மொழிகளில் ஆழ்ந்த புலமை உள்ளவர். இந்தச் சொல்லின் புழக்கத்தை நேரில் அறிந்தவர் என்று அவரைத் தாராளமாக நம்பலாம். மொழிபெயர்ப்பாளர் என்ற பழைய பொருள் சென்னைக்கு வெளியே வழக்கொழிந்துவிட்டது, சென்னையிலும் அநேகமாக அப்படித்தான் என்கிறது அந்த அகராதி. அப்போதைய சென்னையில் ஐரோப்பியரின் வீட்டு வேலையாளை இந்தச் சொல்லால் குறித்தார்கள். வணிக நிறுவனங்களிலோ உள்ளூராருடன் கொடுக்கல் வாங்கலை நடத்தும் தரகருக்கு இதே பெயர் இருந்தது, கல்கத்தாவின் பனியனுக்கு அவர் நிகரானவர் என்றும் அகராதி சேர்த்துச் சொல்கிறது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அகராதிக்காரர்கள் கைவிட்ட ஒரு பொருளைத்தான் நாம் இன்னும் முதற்பொருளாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பேட்டை உருவான சூழ்நிலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். கம்பெனிக்கு அப்போது வேண்டியிருந்தது துணி. சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய சரக்கில் பெரும்பகுதி பருத்தித் துணிதான். அதைக் கொள்முதல் செய்யப் போடும் பணத்துக்குக் கம்பெனிக் கணக்குகளில் 'இன்வெஸ்ட்மென்ட்' என்று பெயர். பங்குச் சந்தை நினைப்போடு அந்தக் கணக்குகளைப் படிக்கிறவர் முதல் பக்கத்திலேயே தடுமாறுவார். சோழமண்டலக் கரையில் நெசவாளி கூலிக்காரராக இருக்கவில்லை. பஞ்சும் நூலும் வாங்க, துணி முடியும்வரை குடும்பம் சாப்பிட, அவருக்கு முன்பணம் வேண்டும். லாங்கிளாத் என்று ஆங்கிலேயர் அழைத்த துணி ஒரு சுருளுக்கு நாற்பது கஜத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அதற்கு நூல் சேர்த்து, பாவு ஓட்டி, கஞ்சி தோய்த்து, நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். நெய்தது வெளுப்புக்குப் போக வேண்டும். அதன் பிறகு கோட்டையில் தரம் பிரிப்பார்கள். இழை குறைவு, அகலம் குறைவு என்று ஒரு சுருளைக் கீழ்த்தரத்தில் தள்ளினால், அந்த விலை வித்தியாசம் யார் தலையில் விழும் என்ற கேள்வி எழும். முன்பணம் வாங்கிய நெசவாளி ஊரை விட்டுப் போய்விட்டால் அந்தத் தொகைக்கு யார் பொறுப்பு என்பது அடுத்த கேள்வி. வேறொருவர் அதிக விலை சொன்னால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகும் வழக்கமும் அன்றைய நெசவாளர்களுக்கு இருந்தது. இந்தக் கேள்விகள் எல்லாம் பணத்தையும் பிணையையும் பற்றியவை. மொழி தெரிந்த ஒருவரை நடுவில் நிறுத்துவதால் மட்டும் இவற்றில் ஒன்றும் தீராது.

சிந்தாதிரிப்பேட்டை பிறந்ததே இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகத்தான். நெசவாளரைக் கோட்டைக்கு அருகில் குடிவைத்தால் முன்பணமும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும், துணியும் நேரத்துக்கு வந்துசேரும். பேட்டையில் யார் யார் குடியிருக்கலாம் என்பதையும் வரையறுத்தார்கள். நூல் நூற்போர், நெய்வோர், வெளுப்போர், சாயம் போடுவோர், சீலையில் சித்திரம் எழுதுவோர், கோயிலுக்கு வேண்டிய பிராமணர், தேவதாசிகள், இதர கோயில் பணியாளர் ஆகியோருக்கே இடம். துணித் தொழிலும் கோயிலும் மட்டுமே கொண்ட ஓர் ஊரைக் காகிதத்தில் திட்டமிட்டு எழுப்பியிருக்கிறார்கள். அப்படி ஓர் ஊருக்குத் தொலைவான கிராமங்களிலிருந்து குடும்பங்களை வரவழைக்க, பேச்சுத் திறமையைவிட முக்கியமாக நாணயம் வேண்டும். வீடு கட்டிக்கொள்ளப் பணம் கிடைக்கும், வரிச் சலுகை கிடைக்கும், சொன்ன விலை கிடைக்கும் என்று உறுதி சொல்கிறவர் ஊரறிந்த வணிகராக இருக்க வேண்டும். ஆதியப்ப நாராயண செட்டியின் பெயர் ஆதிகேசவப் பெருமாள், ஆதிபுரீசுவரர் இரட்டைக் கோயில்களோடும் சேர்த்துச் சொல்லப்படுவது இங்கே பொருத்தமாகிறது. கோயில் எடுத்தவருடைய வாக்கை நம்பி நெசவாளி தறியைத் தூக்கிக்கொண்டு வருவார். கோட்டைக்கும் பேட்டைக்கும் நடுவில் அவர் கொண்டுபோய்ச் சேர்த்த பெரும்பொருள் நம்பகம்.

இனி சுங்குராமர். கம்பெனி ஆவணங்கள் அவரைக் குறிப்பது தலைமை வணிகர் என்ற பதவியால். தலைமை வணிகர் கம்பெனியோடு நேரடியாக ஒப்பந்தம் செய்கிறவர். இத்தனை சுருள் துணி, இன்ன தரம், இன்ன விலை, இன்ன தேதி என்று கையெழுத்திட்டு, தம் கூட்டாளிகளோடு சேர்ந்து அதற்குப் பொறுப்பேற்கிறவர். சரக்கு குறைந்தால் கோட்டை ஆலோசனைச் சபை அவரைக் கூப்பிட்டுக் கேட்கும், பதவியிலிருந்தும் நீக்கும். சுங்குராமருக்கு அதுதான் நடந்தது. துபாஷியின் நிலை வேறு. அவர் பெரும்பாலும் ஒரு தனி ஆங்கிலேயரின் ஆள். கம்பெனி ஊழியர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு வியாபாரம் இருந்தது. அந்தச் சொந்த வியாபாரத்தையும் சொந்தக் கடனையும் நடத்துகிறவர் துபாஷி. அவர் பதில் சொல்ல வேண்டியது தம் எஜமானருக்கு மட்டும். ஒரே ஆள் இரண்டு வேடத்தையும் போட்டிருக்கலாம், ஒரு குடும்பத்தில் அண்ணன் ஒன்றிலும் தம்பி மற்றதிலும் இருந்திருக்கலாம். அதனால் இரண்டு பதவிகளும் ஒன்றாகிவிடாது. இதெல்லாம் நுணுக்கம் பார்க்கிற வேலை, வாசகருக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நெசவாளியின் இடத்திலிருந்து பார்த்தால் இதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தலைமை வணிகர் மீது குறை இருந்தால் அதைச் சொல்லச் சபை ஒன்று உண்டு, குறிப்பேடு உண்டு. ஆளுநருடைய துபாஷி மீது குறை இருந்தால் அதை ஆளுநரிடமேதான் போய்ச் சொல்ல வேண்டும்.

சென்னையை விட்டு மற்றத் துறைமுகங்களையும் பார்த்தால் வேர்ப்பொருள் எவ்வளவு தூரம் நம்மைத் தடம் மாற்றுகிறது என்பது புலப்படும். கல்கத்தாவில் இதே வேலையைச் செய்தவருக்குப் பனியன் என்று பெயர். அது வாணிய சாதியின் பெயரிலிருந்து வந்தது. சீனத்தின் கான்டன் துறைமுகத்தில் அவரை காம்ப்ரடார் என்றார்கள். அது போர்ச்சுகீசியச் சொல், வாங்குகிறவர் என்று பொருள். மூன்று ஊரிலும் வேலை ஏறக்குறைய ஒன்றே. வெளிநாட்டு வணிகருக்காக உள்ளூர்ச் சந்தையில் நிற்பது, பணம் புரட்டுவது, ஆள் பிடிப்பது, அந்த ஆட்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் பிணை நிற்பது. அந்த ஒரே வேலைக்குக் கல்கத்தாவில் சாதியை வைத்தும், கான்டனில் கொள்முதலை வைத்தும், சென்னையில் மொழியை வைத்தும் பெயர் இட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் கண்ணில் முதலில் பட்டது எதுவோ அது பெயராக ஒட்டிக்கொண்டது. காம்ப்ரடார் என்றால் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிறவர் என்று சீன வரலாற்றை எழுதுகிறவர் யாரும் விளக்குவதில்லை. துபாஷிக்கு மட்டும் நாம் அப்படி விளக்கிக்கொண்டிருக்கிறோம்.

பாண்டிச்சேரியில் இதைவிட அழுத்தமான சான்று இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையை எல்லோரும் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயின் துபாஷி என்றே அறிவோம். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு தமிழுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். பிரெஞ்சுக்காரர்கள் அவருடைய பதவிக்கு வைத்திருந்த பெயர் 'கூர்த்தியே'. பிரெஞ்சு மொழியில் அதற்குத் தரகர் என்று பொருள். தமிழர் துபாஷி என்று அழைத்த அதே நாற்காலியைப் பதவி கொடுத்தவர்கள் தரகர் நாற்காலி என்றே எழுதினார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துப்ளேயின் மனைவி ழான் பாண்டிச்சேரியில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் அறிந்தவர், கணவருக்காக உள்ளூர் விவகாரங்களில் தலையிட்டவர். அதனால் பிள்ளைக்கும் அவருக்கும் ஏற்பட்ட மனத்தாங்கல் நாட்குறிப்பு நெடுகிலும் பதிவாகியிருக்கிறது. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் ஆளுநர் வீட்டுக்குள்ளேயே இருந்தும் துப்ளேக்குப் பிள்ளை தேவைப்பட்டார். வணிகரிடம் கடன் எழுப்பவும், துணி ஒப்பந்தங்களை முடிக்கவும், எந்தப் பாளையக்காரர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று அறிந்து சொல்லவும் அவர் வேண்டியிருந்தார். நாட்குறிப்பைப் படித்தால் அதில் பெரும்பகுதி பணம், சரக்கு, வெகுமதி, மரியாதை வரிசை ஆகியவற்றைப் பற்றியது. ஒரு வாக்கியத்தை இந்த மொழியில் இப்படிச் சொன்னேன் என்ற கவலை அதில் அரிது.

சென்னையிலும் கணக்கு அப்படித்தான் போகிறது. கம்பெனியில் ரைட்டராகச் சேரும் இளைஞருக்கு ஆரம்ப காலத்தில் ஆண்டுச் சம்பளம் ஐந்து பவுண்டுதான். அந்தப் பணத்தில் குதிரையும் வேலையாட்களும் வைத்துக்கொள்ள முடியாது, சொந்த வியாபாரத்துக்கு முதலும் கிடைக்காது. கப்பலிலிருந்து இறங்கியதும் அவருக்கு வீடு பார்த்துக் கொடுத்து, சாமான் வாங்கிக் கொடுத்து, கைக்குக் கடனும் கொடுத்தவர் துபாஷி. பெயருக்கு ஊழியர், உண்மையில் எஜமானருக்குக் கடன் கொடுத்தவர். எஜமானர் பதவி உயர்ந்தால் துபாஷிக்கு வாழ்வு. அவர் காய்ச்சலில் செத்தாலோ கடனை அடைக்காமல் கப்பலேறினாலோ துபாஷிக்கு நஷ்டம். பச்சையப்ப முதலியார் இந்த உலகத்தில் வளர்ந்தவர். 1754-இல் பிறந்த அவர், துபாஷியாக இருந்த நாராயண பிள்ளையின் ஆதரவில் தொழில் பழகி, சல்லிவன் என்ற அதிகாரிக்குத் துபாஷியாகி, தஞ்சாவூர்ப் பகுதியின் வரி, கடன் விவகாரங்களில் பெரும்பொருள் ஈட்டினார். 1794-இல் நாற்பது வயதில் இறந்தபோது அவர் விட்டுச்சென்ற அறக்கட்டளைச் சொத்து, நீண்ட வழக்குகளுக்குப் பிறகு 1842-இல் பள்ளி தொடங்குமளவுக்கு இருந்தது. மொழிபெயர்த்துக் கொடுத்த கூலியில் அந்தச் செல்வம் சேர்ந்திருக்க வழியில்லை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. 1812-இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. எல்லிஸ் போன்றவர்கள் முன்னின்று, இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்க அதை ஏற்படுத்தினார்கள். உள்ளூர் ஆட்களை நம்பியிருக்கும் நிலையைக் குறைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அதிகாரிக்கே மொழி தெரிந்தால் துபாஷியின் பிடி தளரும் என்று அரசே எண்ணியது என்றால், அவருடைய அதிகாரம் மொழியில் இருந்தது என்றுதானே ஆகிறது? மேலும், கம்பெனியிடம் அரசாங்க முறையில் அமர்த்தப்பட்ட துபாஷிகளும் இருந்தார்கள். தூதுவர்களோடு பேசுவதும் கடிதங்களை மொழிபெயர்ப்பதும் அவர்கள் வேலையாகவே இருந்தது. இது உண்மை. மொழி துபாஷியின் கையில் இருந்த ஒரு கருவி என்பதையும், வரி வசூல், வழக்கு விசாரணை போன்ற அரசாங்க வேலைகளில் அது பெரிய கருவி என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கல்லூரி வந்த பிறகு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். அரசு ஊழியர் சொந்த வியாபாரம் செய்வதற்குத் தடை வந்ததும், தமிழ் கற்ற அதிகாரிகள் வந்ததும் சேர்ந்து, அரசாங்கப் பக்கத்தில் துபாஷியின் செல்வாக்கைக் குறைத்தன. வணிகப் பக்கத்தில் அவர் அப்படியே நின்றார். பாரி, பின்னி, அர்பத்நாட் போன்ற வணிக நிறுவனங்கள் வளர்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆங்கிலம் படித்த குமாஸ்தாக்கள் சென்னையில் தெருவுக்குத் தெரு கிடைத்தார்கள். மொழிதான் தேவை என்றால் மாதச் சம்பளத்துக்கு ஒருவரை வைத்துக்கொண்டு துபாஷியை அனுப்பியிருக்கலாம். 1886-இலும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு துபாஷி உண்டு என்கிறது அகராதி. கடன் வாங்கிய உள்ளூர் வியாபாரி தரமாட்டேன் என்றால் அதற்குப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டியிருந்தது. ஆங்கிலம் எத்தனை பேர் படித்தாலும் அந்த இடம் நிரம்பாது.

மறுபக்கத்திலும் ஒரு தவறு இருக்கிறது. துபாஷி மொழிபெயர்ப்பாளர் அல்ல, பணத்தரகர் என்று சொன்ன உடனே அவரைச் சூழ்ச்சிக்காரராக ஆக்கிவிடும் பழக்கம். இது ஆங்கில எழுத்திலிருந்து நமக்கு வந்தது. அவதானம் பாப்பையா என்ற துபாஷி, 1789, 1790 ஆண்டுகளில் ஆளுநர் பொறுப்பிலிருந்த ஹாலண்ட் சகோதரர்களுக்கு நெருக்கமானவர். ஹாலிபர்ட்டன் என்ற அதிகாரியைப் பொய்ச் சாட்சியால் சிக்கவைக்கச் சதி செய்ததாக 1792-இல் பாப்பையா மீது வழக்கு நடந்தது, அவர் தண்டனை பெற்றார். வால்டர் ஸ்காட் 1827-இல் எழுதிய 'சர்ஜன்ஸ் டாட்டர்' என்ற கதையில் பாப்பையா என்ற பெயரிலேயே ஒரு பாத்திரம் வருகிறது. சென்னையைக் கண்ணால் கண்டிராத நாவலாசிரியர் ஒரு வழக்கை வைத்து வரைந்த உருவம், ஒரு தொழிலின் முகமாகவே ஆகிவிட்டது. பாப்பையா செய்த குற்றத்தை மறைக்க வேண்டியதில்லை. அவருக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்தது யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத அவருடைய நிலை, அந்த நிலையை உண்டாக்கி வைத்திருந்தவர்கள் ஹாலண்ட் போன்ற எஜமானர்கள். ஆங்கிலேயர் எழுதியவற்றில் பழி பெரும்பாலும் துபாஷியோடு நின்றுவிடுகிறது. லாபம் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனதற்கு அவற்றில் அவ்வளவு அழுத்தம் கிடையாது. துபாஷியை மொழிபெயர்ப்பாளர் என்று சுருக்குவதும் இந்த மறைப்புக்கே உதவுகிறது. மொழிபெயர்ப்பாளர் என்றால் அவருக்கும் பங்கு இல்லை, எஜமானருக்கும் பங்கு இல்லை, ஏதோ பேச்சு நடந்தது என்று விஷயம் முடிந்துவிடும். நெசவாளிக்குக் கொடுத்த விலையும் அவரிடம் பிடித்த கழிவும் யார் பைக்குப் போயின என்று கேட்க இடமில்லாமல் போகும்.

ஆகவே இந்தச் சொல்லைக் கையாளும்போது ஆண்டும் ஆளும் பார்த்தாக வேண்டும். 1639-இல் சென்னையில் கம்பெனிக்கு இடம் பிடித்த பிரான்சிஸ் டேயின் காலத்தில் துபாஷி என்றால், ஊர் பெயரும் தெரியாத வெள்ளைக்காரருக்கு வழிகாட்டி, பேச்சாளர், தரகர் எல்லாம் சேர்ந்தவர். 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையில் அவர் முதலீடும் பிணையும் தருகிற வணிகர். பத்தொன்பதாம் நூற்றாண்டு நிறுவனக் கணக்கில் வாடிக்கையாளருக்கு உத்தரவாதம் நிற்கிறவர். அதே காலத்து ஆங்கிலேயர் வீட்டுச் செலவுப் புத்தகத்தில் துபாஷ் என்றிருந்தால் அது அநேகமாக உடை எடுத்துக் கொடுக்கும் வேலையாள். மும்பைத் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்கிறவருக்கு இந்தப் பெயர் வழங்கியது, பார்சிகளிடையே குடும்பப் பெயராகவும் நிலைத்தது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதை மொழிபெயர்க்கிறவரை எந்தக் காலத்திலும் இந்தச் சொல்லால் குறிக்க வேண்டியதில்லை. தமிழில் எழுதும்போது துபாஷி என்ற சொல்லையே வைத்துக்கொண்டு, யாருடைய துபாஷி என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். பிட் ஆளுநராக இருந்த காலத்துப் பேட்டையின் கதையில் சுங்குராமரைத் தலைமை வணிகர் என்றும், ஆதியப்பரைத் துபாஷி என்றும் தனித்தனியாக எழுதினால், தோட்டம் ஒருவரிடமிருந்து போய்ப் பேட்டை இன்னொருவர் பொறுப்பில் எழுந்தபோது கோட்டைக்குள் செல்வாக்கு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாறியது என்பதும் அந்த இரண்டு பதவிப் பெயர்களிலேயே தெரிந்துவிடும்.